சுவர் கேட்ட பக்தர்கள்

அரசாங்கம் வேறு, மதம் வேறு என்று யாராவது சொன்னால் போதும்; ஆசாமி நாஸ்திகர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அமெரிக்க சரித்திரம் வேறு கதை சொல்கிறது.

அந்நாடு சுதந்தரம் பெற்ற பிறகும் கனெக்டிகட் மாநிலத்தில் காங்கிரிகேஷனல் சபைக்குச் சர்க்கார் ஆதரவு இருந்தது. அதன் பாதிரிமார்களுக்காக ஜனங்கள் வரி கொடுத்தார்கள். வேறு சபையைச் சேர்ந்த பாப்டிஸ்டுகள் அந்த வரியிலிருந்து தப்ப, தாங்கள் இன்ன சபையார் என்று அத்தாட்சிச் சீட்டுக் காட்ட வேண்டும். கடவுளைத் தொழுவதற்குச் சர்க்காரிடம் சீட்டா?

1801-ல் டான்பரி வட்டாரத்துப் பாப்டிஸ்டுகள் ஜனாதிபதி ஜெபர்ஸனுக்கு முறையிட்டார்கள். தங்களுக்குள்ள வழிபாட்டுச் சுதந்தரம் உரிமையாக இல்லை, பிறர் காட்டும் தயவாக இருக்கிறது என்பதுதான் அவர்கள் குறை.

1802 ஜனவரி 1-ந் தேதி ஜெபர்ஸன் பதில் எழுதினார். மதம் மனிதனுக்கும் அவனுடைய கடவுளுக்கும் நடுவேயுள்ள விஷயம். சபைக்கும் சர்க்காருக்கும் இடையே அரசியல் சட்டம் சுவர் எழுப்பியிருக்கிறது என்றார்.

அன்றைய தினமே, இதே உரிமைக்காகப் போராடிய ஜான் லீலண்ட் என்ற பாப்டிஸ்ட் பாதிரியார், தம் ஊரார் செய்த 1,235 ராத்தல் பாலாடைக் கட்டியை அவருக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அவர் பிரசங்கத்தை ஜெபர்ஸன் போய்க் கேட்டார். எங்கே தெரியுமா? பிரதிநிதிகள் சபை மண்டபத்தில்! சுவரைப் பற்றி எழுதிய மை அப்போதுதான் உலர்ந்திருக்கும்.

அந்தச் சட்டம் அன்று மத்திய சர்க்காரை மட்டுமே கட்டுப்படுத்தியது. டான்பரி பக்தர்கள் தங்கள் மாநிலத்தில் விடுதலை பெற 1818 வரை காத்திருக்க நேர்ந்தது. தயவாகக் கொடுத்ததை நாளைக்கே திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சுவரைக் கேட்டவர்கள் கோயிலை வெறுத்தவர்கள் அல்ல, கோயிலுக்குள் இருந்தவர்கள்.