நகரும் பட்டினமும்



'நகர்' என்பதற்குப் பொருள் 'வீடு' என்று எழுதிய ஒரு மாணவிக்கு நான் மதிப்பெண் போடவில்லை. ஊர் என்பது மட்டுமே சரி என்று நினைத்திருந்தேன். தவறு என்னுடையது. சங்க நூல்களில் நகர் என்றால் மாளிகை, இல்லம், கோயில் என்றும் பொருள் உண்டு.

சோழர் கல்வெட்டுகளில் 'நகரம்' வணிகர்களின் சபையையும் குறிக்கும். கடலோரப் பேரூர் 'பட்டினம்': காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், காயல்பட்டினம். 1639இல் ஆங்கிலேயர் இடம் பெற்ற மதராசப்பட்டினமும் அப்படித்தான். மதுரைக்குக் கடல் இல்லை, அது 'மாநகர்' ஆனது. நம் தாத்தாக்கள் சென்னையைப் 'பட்டணம்' என்றே சொல்வார்கள்.

ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்று அடித்துப் பேசக் கூடாது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் கற்றேன்.

அந்த மாணவி இதைப் படித்தால், அம்மா, உன் 2 மதிப்பெண்ணை இன்று தருகிறேன். வாங்கிக்கொள்.