திருக்காவலூர் சொல்லும் அமைதி



நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்குப் பிள்ளைகளோடு எத்தனையோ முறை போய் வந்திருக்கிறோம். இத்தாலியில் 1680-இல் பிறந்த இயேசு சபைக் குரு வீரமாமுனிவர், அங்கே அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பி, ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்தார்.

அவர் 3615 பாடல்களில் பாடிய தேம்பாவணியின் தலைவர் யார்? புனித சூசையப்பர். நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. ஏரோது குழந்தையைக் கொல்லத் தேடியபோது, இரவிலேயே எழுந்தார். பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். ஆபத்து விலகவில்லை. ஆனாலும் குழந்தைக்கு ஓர் அடைக்கலம் இருந்தது.

நம் வீடுகளில்? மதிப்பெண் குறைந்த பிள்ளை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நடுங்குகிறது. "பயப்படாதே, செபம் பண்ணு" என்கிறோம். அதே வாயால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுகிறோம். குருக்களாகிய நாமும் மறைக்கல்வி வகுப்பில் அதட்டியதுண்டு. அமைதியைப் பிள்ளைகள் நம் முகத்தில்தான் படிக்கிறார்கள்.

இன்றிரவு குடும்ப செபத்துக்கு முன், பிள்ளையை அருகில் உட்காரவைத்து, ஐந்து நிமிடம் எதையும் கேட்காமல் இருப்போம். பிறகு செபமாலையை எடுப்போம். நம் வீடும் திருக்காவலூர் ஆகட்டும். ஆமென்.