பன்னாள் வெண்ணீர்ப் படகுப் பயணமும் கிட்டங்கியின் வெள்ளநீரும்

பன்னாள் வெண்ணீர்ப் படகுப் பயணம் என்பது, குடியிருப்புகளோ வீதிகளோ இல்லாத மலைப்பள்ளத்தாக்குகளில் நுரைத்து இறங்கும் ஆற்றில், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளின் பொறுப்பில், காற்றடைத்த ரப்பர்ப் படகுகளில் பல நாட்கள் தொடர்ந்து செல்வதாகும். இரவில் ஆற்றங்கரை மணலில் கூடாரம் அடிப்பார்கள். உணவு, மருந்து, திருத்து கருவிகள் யாவும் படகிலேயே வரும். ராஃப்டிங் என்ற பெயரில் இன்று உலகெங்கும் நடக்கும் ஒருநாள் சவாரிகளின் முழு வடிவம் இதுதான். பொதுவாக இதைத் துணிச்சல் விளையாட்டு என்றே எழுதுகிறார்கள். ஆனால் இதன் வரலாற்றையும் நடைமுறையையும் பார்த்தால், துணிச்சலைவிட முன்னெச்சரிக்கையே இதைத் தாங்கி நிற்பது தெரியும். ஓடும் நீரை அளந்து பார்த்து, இன்று இறங்கலாம் அல்லது இறங்கக்கூடாது என்று ஒருவர் முடிவு சொல்வதும், மற்ற எல்லோரும் அதற்குக் கட்டுப்படுவதுமே இதன் சாரம். அம்பாறை மாவட்டத்தின் நாவிதன்வெளியில் பாறையோ அருவியோ இல்லை. வயலும் வாய்க்காலும் களப்பும் சூழ்ந்த சமவெளி அது. இருந்தும் இந்த ஒழுங்கு மிக அவசியமாகத் தேவைப்படும் இடங்களில் ஒன்று அதுவென்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வகைப் பயணங்களின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றிலிருந்து சொல்லப்படுகிறது. 1869 மே 24 அன்று ஜோன் வெஸ்லி பவல் என்பவர் பத்துப் பேராக, நான்கு மரப்படகுகளில் வயோமிங் மாநிலத்திலிருந்து புறப்பட்டார். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர் அவர். உயிர்காப்பு மிதவை இருந்ததும் அவரிடம் மட்டுமே. ஜூன் மாதத்திலேயே ஒரு படகு பாறையில் மோதிச் சிதறியது. உணவிலும் கருவிகளிலும் ஒரு பகுதி அதோடு போயிற்று. ஆகஸ்ட் 28 அன்று, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் கடைப்பகுதியில் ஒரு கொடிய நீரோட்டத்தைக் கண்ட மூவர், இதைக் கடக்க இயலாது என்று பிரிந்து மலையேறினர். அவர்கள் உயிரோடு திரும்பவில்லை. ஆற்றில் இறங்கியவர்கள் தப்பினர். இரண்டே நாளில் பள்ளத்தாக்கைத் தாண்டி வெளியேறினர். இதைப் படிப்போர் வழக்கமாகத் துணிந்தவன் வென்றான் என்ற பாடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியன்று. அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது இரு தரப்பாருக்குமே தெரியாது. அவர்களைப் பிரித்தது வீரமல்ல, தகவலின்மை. பின்னர் 1938இல் நோர்மன் நெவில்ஸ் கட்டணப் பயணிகளை அதே பள்ளத்தாக்கில் அழைத்துச் செல்லத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இராணுவத்தின் பழைய ரப்பர்ப் படகுகள் மலிவாகக் கிடைத்தன. இவற்றுக்குப் பிறகுதான் இத்தொழில் வளர்ந்தது. ஒவ்வொரு நீரோட்டத்துக்கும் பெயரும் வரைபடமும் தரமும் வந்தன. உலக அளவில் இன்று நீரோட்டங்களை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று சலசலக்கும் நீர். ஆறு பொதுவாக யாரும் இறங்கக்கூடாத நீர். அதே நீரோட்டம் நீர்மட்டம் உயர்ந்தால் தரம் மாறும் என்பதால், வரைபடம் மட்டும் போதாது. அன்றைய அளவும் தெரிய வேண்டும்.

இமயமலைச் சாரலில் இத்தகைய ஆறுகள் பல உண்டு. நேபாளத்தின் சுன்கோசியில் ஏறத்தாழ 270 கிலோமீட்டரை எட்டுப் பத்து நாட்களில் கடக்கிறார்கள். லடாக்கின் சன்ஸ்கார் ஆறு செங்குத்தான மலைச்சுவர்களுக்கு இடையே ஓடி நிம்முவில் சிந்து நதியோடு சேர்கிறது. அங்கே நடுவழியில் விபத்து நேர்ந்தால் அம்புலன்ஸ் வந்து சேர வழியில்லை. ஆகவே புறப்படும் முன்பே எல்லாம் தீர்மானிக்கப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி, தலைக்கவசம். ஒவ்வொரு படகிலும் எறிகயிறு, ஒட்டுத்துணி, காற்றுப் பம்பு, முதலுதவிப் பெட்டி. குழுவிடம் செய்மதித் தொலைபேசி. கிராண்ட் கேன்யன் போன்ற பாதுகாக்கப்பட்ட பள்ளத்தாக்குகளில் மனிதக் கழிவைக்கூடப் பெட்டியில் அடைத்து வெளியே கொண்டுவர வேண்டும் என்பது விதி. முதல் நாள் காலையில் வழிகாட்டி தரும் பாதுகாப்பு விளக்கத்தைக் கேட்காமல் யாரும் படகேற முடியாது. நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதே, கால் கற்களுக்கிடையில் சிக்கினால் ஓட்டம் உன்னை அமுக்கிவிடும்; மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசைக்கு நீட்டி மித; விழுந்து கிடக்கும் மரத்தை நோக்கிப் போகாதே, நீர் கிளைகளுக்குள் புகுந்து போகும், உன்னை விடாது. பெரிய நீரோட்டம் வரும்போது வழிகாட்டிகள் முதலில் படகைக் கரையில் கட்டிவிட்டு, மேட்டில் ஏறி நின்று பார்ப்பார்கள். வழுவழுப்பாக நா போல் நீண்டு இறங்கும் நீர் எங்கே, பாறைக்குப் பின்னால் திரும்பிச் சுழலும் நீர் எங்கே, படகு கவிழ்ந்தால் ஆட்களை எந்த இடத்தில் பிடிப்பது என்று கணித்த பின்பே இறங்குவார்கள். கணிப்பு ஒத்துவராவிட்டால் படகைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடப்பார்கள். அப்படி நடப்பதை அத்தொழிலில் யாரும் கோழைத்தனம் என்று சொல்வதில்லை. நல்ல வழிகாட்டிக்கு அதுவே அடையாளம்.

இலங்கையில் பல நாள் செல்லக்கூடிய வெண்ணீர்ப் பாதை இல்லை. மிக நீளமான மகாவலியே 335 கிலோமீட்டர்தான்; மலையில் அது இறங்கும் பகுதிகளில் அணைக்கட்டுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. நாட்டின் ராஃப்டிங் தலமாக அறியப்படும் கித்துல்கல, களனி கங்கையில் சில கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு மட்டுமே. 1957இல் வெளிவந்த குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய ஆங்கிலப் படம் எடுக்கப்பட்டதும் அங்கேதான். அத்துண்டிலும் நீர் தன்னிச்சையாக ஓடுவதில்லை. மேலே லக்சபான மின்திட்டத் தொகுதி இருக்கிறது. அருகில் 35 மெகாவாட் பிராட்லண்ட்ஸ் திட்டமும் வந்துவிட்டது. மின்நிலையம் எப்போது நீரை விடுகிறது என்பதைப் பொறுத்தே படகுகளின் நேரம் அமைகிறது. கர்நாடகத்தின் தாண்டேலியில் காளி ஆற்றுப் படகுகளும் இப்படித்தான் சூப்பா அணையின் நீர் திறப்பை நம்பியிருக்கின்றன. காட்டாறு என்று சுற்றுலாத்துறை விளம்பரப்படுத்தும் பல ஆறுகள் உண்மையில் ஒரு பொறியியலாளரின் முடிவால் ஏறி இறங்குபவை. இதை மறந்தால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதே புரியாது போகும்.

கொலராடோவில் 1983ஆம் ஆண்டு நடந்தது இதற்குச் சான்று. கிளென் கேன்யன் அணை 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கிய பிறகு, பள்ளத்தாக்கின் நீர் ஒழுங்குக்குள் வந்துவிட்டதென்று பலர் நம்பினர். 1983 கோடையில் மலைப்பனி திடீரென உருகி நீர்த்தேக்கம் நிரம்பி வழியும் நிலைக்கு வந்தது. கதவுகள் திறக்கப்பட்டன, நொடிக்கு ஏறத்தாழ 2,600 கன மீட்டர் நீர் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. கிறிஸ்டல் என்ற நீரோட்டத்தில் இயந்திரம் பூட்டிய பெரிய படகுகளே கவிழ்ந்தன, ஒருவர் உயிரிழந்தார். அப்போது பூங்கா அதிகாரிகள், ஏற்கெனவே உள்ளே போய்விட்ட குழுக்களுக்கு ஹெலிகொப்டரிலிருந்து எச்சரிக்கைத் தாள்களைப் பைகளில் போட்டு எறிந்தார்கள். நீர் இன்னும் ஏறும், உயரமான இடத்தில் தங்குங்கள் என்பதே செய்தி. அணை கட்டியவர்களுக்குக் கீழே இருப்போரிடம் சொல்லும் கடமை உண்டு என்பதை அந்தத் தாள்கள் காட்டின. ஆற்றை மனிதன் அடக்கிய பின் ஆபத்து குறைவதில்லை என்று சொல்லவரவில்லை. சாதாரண நாட்களில் அது குறையத்தான் செய்கிறது. ஆனால் பழகிப்போன அமைதி, திடீரென வரும் நாளின் ஆபத்தைக் கூட்டிவிடுகிறது.

நாவிதன்வெளிக்கு இந்தச் செய்தி தூரத்துக் கதையன்று. பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா, இங்கினியாகலையில் மறிக்கப்பட்டது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, அமெரிக்க நிறுவனமொன்று அணையைக் கட்டியது. அதன் பின்னால் விரிந்த நீர்ப்பரப்புக்கு முதற் பிரதமரின் பெயரில் சேனாநாயக்க சமுத்திரம் என்று பெயரிட்டார்கள். 1954இல் அதைச் சூழ்ந்த காடு தேசியப் பூங்காவாயிற்று. இன்று அங்கே படகில் சென்று யானைகளைப் பார்க்கிறார்கள். சம்மாந்துறை, மத்தியமுகாம், அன்னமலை, சவளக்கடை வயல்கள் செழிப்பது கல்லோயாத் திட்டத்தின் நீரால்தான். அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வடகீழ்ப் பருவ மழை கடுமையாகும்போது அதே சமவெளி நீரை வாங்கிக்கொள்ளும் கிண்ணமாகிறது. வயல்வெளிகளில் தேங்கும் மழையும் மேலேயிருந்து வரும் நீரும் சேர்ந்து கல்முனைப் பக்கத்தையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியை மூடிவிடுகின்றன. வேலைக்கும் பள்ளிக்கும் வைத்தியசாலைக்கும் போவோர் உழவு இயந்திரப் பெட்டியிலும் தோணியிலும் கடக்க வேண்டியதாகிறது. 1957 டிசம்பரிலும் 2011 ஜனவரியிலும் கிழக்கு கண்ட பெருவெள்ளங்களை முதியோர் இன்னும் பேசுகிறார்கள். 2024 நவம்பர் 26 அன்று, கிட்டங்கிக்குத் தெற்கே காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், நிந்தவூர் மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. அந்தப் பிள்ளைகளின் மரணம் இக்கரையோர ஊர்கள் எல்லாவற்றையும் உலுக்கியது.

தாம்போதி மேல் ஓடும் நீர் பார்வைக்கு ஆழமற்றது. அதுதான் அதன் வஞ்சகம். நீரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது: வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். விரைந்து ஓடும் நீர் 15 சென்ரிமீட்டர் உயரம் இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். 30 சென்ரிமீட்டர் சிறிய காரை நகர்த்தும். 60 சென்ரிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை மிதக்கவைத்து இழுத்துச் செல்லும். உழவு இயந்திரத்தின் எடை நம்பிக்கை தருகிறது. ஆனால் அதன் பின்னால் கோர்த்த பெட்டிக்குப் பக்கவாட்டுப் பரப்பு அதிகம். நீர் தள்ளுவது அதைத்தான். கீழ்ப்பக்கத்தில், தடுப்பைத் தாண்டி விழும் நீர் அடியில் சுழன்று மேலோட்டத்தில் பின்னோக்கி இழுக்கக்கூடும். வெண்ணீர் வழிகாட்டிகள் இவ்வகைச் சுழலைத்தான் எதைவிடவும் அஞ்சுகிறார்கள்: நீச்சல் தெரிந்தவரையும் அது திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துவிடும். தரப்படுத்தப்பட்ட எந்த மலையாற்றிலும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒரு பிள்ளையை ஏற்றமாட்டார்கள். இங்கே, அதைவிட மோசமான நீரின் மேல், ஒன்றுமில்லாமல் ஏற்றுகிறோம்.

வெண்ணீர்ப் பயணத்தின் ஒழுங்கு இங்கும் வேண்டும் என்ற இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, பணமுள்ளோர் பொழுதுபோக்கைப் பற்றி வெள்ளத்தில் தவிக்கும் ஏழைகளிடம் பேசுவது பொருந்தாது என்பது. பொழுதுபோக்கை யாரும் இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. எறிகயிறு, அளவுகோல், அங்கி, ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்படுதல் ஆகிய நான்கும் செலவு குறைந்தவை. மீட்புப் பணியாளர்களின் பயிற்சியிலும் கரையிலிருந்து நீட்டு, கயிறு எறி, படகில் போ, கடைசியாகவே நீரில் இறங்கு என்ற வரிசை கற்பிக்கப்படுகிறது. இரண்டாவது, கிட்டங்கிக்கு வேண்டியது பாலம், பயிற்சியல்ல என்பது. இது வலிமையான மறுப்பு. பாலமே முதல் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பாலத்துக்கு நிதி வேண்டும், ஆண்டுகள் வேண்டும். மாரி ஒவ்வோர் ஆண்டும் வரும். மாவடிப்பள்ளி காட்டியது போல, ஒரு வீதி சரியானால் அடுத்த வீதி மூழ்கும். மூன்றாவது, இங்குள்ளவர்கள் தலைமுறையாக இந்த நீரோடு வாழ்பவர்கள், அவர்களுக்கு யார் கற்றுத்தருவது என்பது. உள்ளூர் மீனவரின் அறிவு மதிக்கத்தக்கது. ஆயினும் அது களப்பின் அமைதியான நீரில் பெற்ற அறிவு. வான்கதவு திறந்த பின் தாம்போதி மேல் எவ்வளவு நீர், எந்த நேரத்தில் வரும் என்பதைத் தலைமுறை அனுபவம் சொல்லாது. அதை நீர்ப்பாசனத் திணைக்களம்தான் சொல்ல முடியும். 2018இல் இந்தியாவின் உத்தராகண்ட உயர்நீதிமன்றம், முறையான விதிகள் வகுக்கும் வரை அம்மாநிலத்தில் படகுச் சவாரிகளை நிறுத்தியது. கங்கையில் பல ஆண்டு அனுபவமுள்ள வழிகாட்டிகள் இருந்தும், முறையான விதி இல்லாமல் அனுபவம் போதாது என்பதே அதன் பொருள்.

ஆகவே நாவிதன்வெளிப் பிரதேச செயலகத்துக்கும் கல்முனைப் பக்கத்து உள்ளூராட்சி மன்றங்களுக்கும் இவ்வேண்டுகோள். மாரிக்கு முன்பே கிட்டங்கியின் இரு கரையிலும் தெளிவாகத் தெரியும் நீரளவுத் தூணை நாட்டி, எந்தக் கோட்டைத் தாண்டினால் வாகனம் போகக்கூடாது என்பதைச் சிவப்பில் குறியுங்கள். அந்தக் கோட்டின்படி வீதியை மூடும் அதிகாரம் யாருக்கு என்று பெயர் குறித்து அறிவியுங்கள். சேனாநாயக்க சமுத்திரத்தின் வான்கதவு திறக்கும் நேரம் பள்ளிவாசல், கோவில், தேவாலய ஒலிபெருக்கிகளுக்கு உடனே எட்டட்டும். இருபக்கமும் உயிர்காப்பு அங்கிகளும் எறிகயிறும் பூட்டில்லாத பெட்டியில் இருக்கட்டும். அங்கி இல்லாத பிள்ளையை எந்த உழவு இயந்திரத்திலும் ஏற்றாதீர்கள்.