பருந்துகள் கடக்கும் முனை: மலாக்காக் கரையின் கூதிர்ப் பருவமும் காப்பின் வரலாறும்

கிளேபாங் கரையில் இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லை. தென்னை ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கிறது. இந்நாட்டில் இலை உதிர்ப்பதை நம்மவர் கண்டது பால்மரத்தில்தான். அதுவும் தை, மாசியில் நிகழ்வது. தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப்படும். நம் முன்னோர் அச்சொல்லைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அதற்குரிய குளிரைக் கொண்டுவர இயலவில்லை. ஆயினும் அப்பருவம் இங்கும் வந்து சேர்கிறது, வானத்தின் வழியாக.

நான் பிறந்த தோட்டத்தில், பள்ளி ஆண்டின் கடைசித் தவணை தொடங்கும் நாள்களில், லயத்து வீடுகளுக்கு முன்னாலிருந்த கால்வாய் ஓரமாக ஒரு சிறு பறவை வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்கும். அதைக் கண்டதும் என் பாட்டனார், "வாலாட்டி வந்துவிட்டது, இனி மழைதான், வெட்டு நாள் குறையும்" என்பார். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. ஆகவே அப்பறவையின் வருகை அவருக்கு அழகுச் செய்தி அன்று, வரவுசெலவுச் செய்தி. சாம்பல் வாலாட்டியும் பழுப்புக் கீச்சானும் தகைவிலானும் ஆசியாவின் வடபகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்கும் முன் இங்கு வந்து சேர்பவை என்பதை நான் நூல்களில் படித்தது மிகப் பிற்காலத்தில். பெயரும் வரும் காலமும் பாட்டனாரிடம் இருந்தன. அவை எங்கிருந்து வருகின்றன என்பதை அவருக்குச் சொல்ல ஒருவரும் இருந்ததில்லை.

இவ்வுரை அப்பறவைகள் வரும் கரையைப் பற்றியது. அக்கரையில் ஓர் இடம் காக்கப்பட்டது, வேறோர் இடம் காக்கப்படவில்லை. அதற்குக் காரணம் என்ன என்பதே என் கேள்வி.

காக்கப்பட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். அதன் பெயர் தஞ்சோங் துவான். நிலப்படத்தில் அது நெகிரி செம்பிலானின் போர்ட் டிக்சன் கரையில் கடலுக்குள் நீண்டிருக்கும் சிறு முனை. ஆட்சியிலோ அது மலாக்கா மாநிலத்துக்கு உரியது. அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் அயல் மாநிலம் இருக்க, நடுவில் மலாக்காவின் ஒரு துண்டு நிலம். மலாக்காவை ஆண்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறியபோதும் அம்முனையைக் கைவிடவில்லை. அதற்கு மண் வளம் காரணம் அன்று. நீரிணையில் செல்லும் ஒவ்வொரு கப்பலும் அதைப் பார்த்தே தன் வழியை உறுதி செய்துகொண்டது.

போர்ச்சுக்கீசியர் அதனைக் காபோ ரச்சாடோ என்று அழைத்தனர். பிளவுண்ட முனை என்பது பொருள். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய அவர்கள் அந்நூற்றாண்டிலேயே அம்முனையில் ஒரு விளக்கை நிறுவினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்று அங்கு நிற்கும் கலங்கரை விளக்கம் ஆங்கிலேயர் 1863இல் எழுப்பியது. இவ்விரண்டுக்கும் இடையில், 1606 ஆகஸ்டில், கோர்னெலிஸ் மாத்தலீஃப் தலைமையில் வந்த ஒல்லாந்தர் கப்பற்படையும் மார்த்திம் அபோன்சோ டி காஸ்த்ரோ என்னும் அரசப் பிரதிநிதியின் கீழ் வந்த போர்ச்சுக்கீசியர் படையும் இம்முனைக்கு எதிரேதான் மோதின. இரு தரப்பிலும் கப்பல்கள் எரிந்து மூழ்கின. அவற்றுள் ஒன்றான நசாவ் 1995இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அப்போரைப் பற்றி எழுதியோர் பலர். அதே கடலை ஆண்டுதோறும் இருமுறை கடக்கும் பருந்துப் படையைப் பற்றி அந்நாளில் எழுதியோர் உண்டா என்று தேடினேன். என் கண்ணில் எவரும் படவில்லை.

பருந்து ஏன் இம்முனைக்கு வருகிறது? தேன்பருந்து போன்ற பெரிய இரைகொல்லிப் பறவை நெடுந்தொலைவு செல்லும்போது சிறகடித்துப் பறப்பதில்லை; சிறகடித்தால் களைத்துப்போகும். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் ஏறி, வட்டமிட்டு உயர்ந்து, உயரத்திலிருந்து சரிந்து, அடுத்த காற்றுத்தூணைத் தேடிச் செல்கிறது. கடல் நீர் நிலத்தைப் போலச் சூடேறுவதில்லை. ஆகவே நீரின் மேல் அத்தகைய ஏணி கிடைப்பது அரிது. பருந்துக்குக் கடல் என்பது நாம் பாலைவனத்தைக் கடப்பது போன்றது. எனவே குறுகிய இடமாகப் பார்த்துக் கடக்கிறது. தஞ்சோங் துவானிலிருந்து சுமத்திராவை ஒட்டிய ரூப்பாட் தீவு ஏறத்தாழ 38 கிலோமீட்டர். புரட்டாசி முதல் கார்த்திகை வரை வடக்கிலிருந்து தாய்லாந்து வழியே தீபகற்பத்தில் இறங்கிவரும் பறவைகளில் ஒரு பகுதி இம்முனையில் கடல் கடக்கிறது. மற்றவை ஜொகூரின் தென்கோடி வரை நிலத்தின் மேலேயே சென்று அங்கிருந்து கடக்கின்றன. மாசி, பங்குனியில் அவை சுமத்திராவிலிருந்து திரும்பும்போது பல்லாயிரக்கணக்கில், களைத்து, தாழப் பறந்து இதே முனையில் கரையேறுகின்றன. தேன்பருந்தோடு சாம்பல்முகப் பருந்தும் சிறு வைரிகளும் வரும். சப்பானிய அறிஞர் ஹிரோயோஷி ஹிகுச்சியும் அவருடைய குழுவினரும் 2003 முதல் தேன்பருந்துகளின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்திச் செயற்கைக்கோள் வழியே பின்தொடர்ந்தனர். சப்பானில் புறப்பட்ட பறவை கிழக்குச் சீனக் கடலைக் கடந்து, சீனாவின் உட்பகுதி வழியே இறங்கி, மலாய்த் தீபகற்பத்தின் நெடுக வந்து சுமத்திராவையும் அதற்கு அப்பாலுள்ள தீவுகளையும் அடைந்ததை அவர்கள் கண்டனர்.

இங்கு ஒரு செய்தியைச் சற்று நின்று எண்ணவேண்டும். நீரிணை குறுகியிருந்ததால்தான் மலாக்கா துறைமுகம் ஆயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து துணிமூட்டைகளோடு வந்த நம் வணிகர், திரும்புகாற்று வீசும்வரை இந்நகரில் தங்கிக் காத்திருந்தனர். அக்காத்திருப்பிலிருந்தே மலாக்காச் செட்டியர் சமூகம் பிறந்தது. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அதன் நிலைத்த அடையாளம். கப்பலுக்கும் பருந்துக்கும் வழி வகுத்தது ஒரே நில அமைப்பு. இரண்டும் காற்றை நம்பியே கடந்தன. ஆகவே பருந்துகளின் வரலாற்றை மலாக்காவின் வணிக வரலாற்றுக்குப் புறம்பானதாக நான் கருதவில்லை.

முனையில் காடு நிலைத்ததற்கும் விளக்கே காரணம் என்பது என் முடிவு. கப்பலுக்குக் குறியாக இருந்த குன்றை எவரும் தோட்டமாக்கத் துணியவில்லை. 1921இல் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1971இல் பறவைச் சரணாலயமாயிற்று. அடுத்த ஆண்டில் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2010இல் அதற்குப் பதிலாக விரிவான புதிய சட்டம் இயற்றப்பட்டது. 1940இல் தோன்றிய இயற்கைக் கழகம், இன்றைய மலேசிய இயற்கைக் கழகம், 2000ஆம் ஆண்டு முதல் மார்ச்சு மாதத்தில் பருந்து காணும் விழாவை அங்கு நடத்திவருகிறது. கலங்கரை விளக்கங்களுக்கும் பறவை ஆய்வுக்கும் இந்நீரிணையில் பழைய உறவு உண்டு. சிலாங்கூர்க் கரைக்கு அப்பால் கடலில் நிற்கும் ஒன் ஃபாதம் பேங்க் விளக்கில் இரவில் மோதி விழுந்த பறவைகளைத் திரட்டித்தான், கூட்டரசு மலாய் மாநில அருங்காட்சியகங்களின் இயக்குநராக இருந்த எச். சி. ராபின்சன் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வலசையின் காலத்தைக் குறித்தார். மாலுமிக்கு வழி காட்டிய ஒளி பறவைக்குக் கூற்றாகவும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

உள்நாட்டின் கதை வேறு. 1854இல் ஆல்பிரட் ரசல் வாலஸ் மலாக்காவுக்கு வந்து, காடிங் என்னும் சிற்றூரில் தங்கிப் பறவைகளைச் சேகரித்தார். காய்ச்சலில் விழுந்து எழுந்தார். பின்னர் ஆயர் பானாஸ் வழியே சென்று லேடாங் மலையில் ஏறினார். அவர் நடந்த வழியெங்கும் காடு இருந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் சீனர்களின் மரவள்ளித் தோட்டங்கள் அக்காட்டின் பெரும்பகுதியைத் தின்றன. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை நட்டார். பின்னர் லேடாங் மலையடியில் ஆசாகான் தோட்டம் விரிந்தது. எஞ்சிய காட்டை வெட்டி, எரித்து, வரிசை பிடித்து மரம் நட்ட கைகளுள் நம்மவர் கைகள் மிகுதி. இதை நாணத்தோடு சொல்லவேண்டியதில்லை, பெருமையோடும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் விட்டு, தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தவர் என்று மட்டும் மேடையில் முழங்குவது வரலாறு ஆகாது.

இங்கே வேடந்தாங்கலை நினைவுகூர்வது தகும். செங்கற்பட்டுப் பகுதியின் அவ்வேரியில், வடகிழக்குப் பருவமழையோடு பறவைகள் வந்து நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும். அவற்றின் எச்சம் விழுந்த நீர் பாய்ந்த வயல் எருவின்றி விளையும். இதை உழவர் அறிந்திருந்தனர். வெள்ளைச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798இல் லயனல் பிளேஸ் என்னும் ஆட்சியர், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு அளித்துக் கவுல் எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. அவர்கள் முறையிட முடிந்தது ஏன்? வயல் அவர்களுடையது, ஏரியின் நீர் அவர்களுடையது, பறவை போனால் அவர்கள் விளைச்சல் குறையும்.

அதே செங்கற்பட்டிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள் மலாக்காத் தோட்டங்களில் வாழ்ந்தபோது, எதை முறையிட முடியும்? நிலம் கம்பெனியுடையது. மரம் கம்பெனியுடையது. படுத்துறங்கும் லயமும் வேலை உள்ளவரைதான். விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, தமக்கு அளக்கப்பட்ட மரங்களுக்கு மங்கு வைத்து வந்தவர்களுக்கு, எந்தப் பறவை எந்த மாதத்தில் எந்த ஓடைக்கு வரும் என்பது தெரிந்தே இருந்தது. அவ்வறிவைக் கவுலாக மாற்ற அவர்களுக்குக் காலடி மண் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் பலர் அந்த லயத்தையும் இழந்தனர். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியதைப் பொருளாதார முயற்சியாக மட்டுமே எழுதிவருகிறோம். இந்நாட்டில் தோட்டத் தொழிலாளி ஒரு மண்ணைக் குறித்து முறையிடும் தகுதி பெற்ற தொடக்கங்களுள் அதுவும் ஒன்று என்றும் எழுதலாம்.

இனி நாம் நிற்கும் கிளேபாங்கிற்கு வருவோம். இக்கரையில் குன்று இல்லை, விளக்கு இல்லை, கப்பற்படைகள் போரிட்ட முனையும் இல்லை. கடல் வற்றும்போது வெளிப்படும் தாழ்ந்த சேறும் மணலும்தான் இருந்தன. வலசை வரும் உள்ளான்களுக்கு இரை கிடைப்பது அத்தகைய சேற்றில். காக்கவேண்டிய பொருளாக எவர் கண்ணிலும் படாத கரை அது. நம் காலத்திலேயே மண் கொட்டிக் கடல் மேடாக்கப்பட்டது. கட்டடம் எழாமல் கிடந்த மணல்மேடுகளில் இன்று மக்கள் பாலைவனம் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் இளநீர்க் குழைவுக்கு நீண்ட வரிசை நிற்கிறது. நானும் அவ்வரிசையில் நின்றவன்தான். மண் கொட்டும் முன்பு இங்கு எந்தெந்தப் பறவை எத்தனை இறங்கின என்று நம்மவர் ஒரு பதிவேடு வைத்திருந்தால், இவ்வுரைக்குப் பாதி வேலை குறைந்திருக்கும்.

கடலுக்குள் சற்றுத் தொலைவில் ஊப்பே தீவு உள்ளது. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமை மிகுதியாக முட்டையிடும் கரை மலாக்காவே. அதிலும் இச்சிறு தீவு ஒரு காலத்தில் முதன்மையான இடமாக இருந்தது. மணல் அரிக்கப்பட்டு, முட்டையிட வரும் ஆமைகளும் அங்குக் குறைந்தன. மஸ்ஜித் தானாவை அடுத்த பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறை பொரிப்பகம் நடத்துகிறது. 2006 முதல் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஆமைகள், முட்டையிட்டபின் தெற்கே சிங்கப்பூர், ரியாவ் கடற்பகுதிகளுக்குச் சென்றன. பருந்து ஒரு நாட்டில் பிறந்து மற்றொரு நாட்டில் பிழைப்பது போலவே ஆமையும் ஒரு கரையில் பிறந்து மற்றொரு கடலில் வாழ்கிறது. ஆடியில் இட்ட முட்டை பொரிவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும்; ஆகவே வடக்கிலிருந்து பருந்துகள் இறங்கும் அதே நாள்களில் ஆண்டின் கடைசிக் குஞ்சுகள் இக்கரையை விட்டுக் கடலுக்குச் செல்கின்றன.

ஐப்பசி நடுவில் வெயில் ஏறிய பின் தஞ்சோங் துவான் விளக்கடியில் நின்றால், முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு காட்டின் மேல் ஒரு புள்ளி வட்டமிடும். அதற்கு மேல் மற்றொன்று. எண்ணத் தொடங்கும்போது முப்பது இருக்கலாம். சென்ற ஆண்டு நாங்கள் எழுவர் சென்றோம். எங்களோடு வந்த பத்து வயதுச் சிறுமி கோட்டுப் புத்தகம் ஒன்றில் நாள், மணி, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எழுதிவிட்டு, "இதுக்குத் தமிழ்ல என்ன பேரு தாத்தா?" என்று கேட்டாள். தேன்பருந்து என்றேன். எழுதிக்கொண்டாள்.