பாட்டில்லாத படம்

திண்டிவனத்தில் படப்பெட்டிக்கு முன்பே அபிப்ராயம் வந்துவிடும். விழுப்புரத்தில் பார்த்துவிட்டு ரயிலில் திரும்புகிறவர்கள் கொண்டுவருவார்கள். எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) பற்றி அப்பாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்: “பாட்டே கிடையாதுடா.”

நான் அதைப் பார்த்தது வெகுகாலம் கழித்து. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாகிறார். மீதிப் படம் முழுக்க விசாரணை, ஆளுக்கொரு ராஜன். விமர்சகர்கள் குரோசாவாவின் ‘ராஷோமான்’ (1950) படத்தைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் வெளியான காலத்தில் படம் ஓடவில்லை என்பதும் சரித்திரம். கொட்டகையில் பாட்டு என்பது மூச்சு விட, எழுந்து போய் பீடி பற்றவைக்கக் கிடைக்கும் இடைவெளி. பாலசந்தர் அந்த வாசலை அடைத்துவிட்டார்.

பிறகு ‘அதே கண்கள்’ (1967), ‘சிவப்பு ரோஜாக்கள்’ (1978), ‘மூடுபனி’ (1980) எல்லாம் கொலையோடு பாட்டையும் வைத்துக்கொண்டன. அப்பாவின் கட்சிதான் ஜெயித்தது என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

இப்போது வேறொன்று தோன்றுகிறது. பாட்டில்லை என்று குறைப்பட்டவர், கொலை செய்தது யார் என்பதை மட்டும் எங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. அதுவும் விமர்சனம்தான்.