கொடுங்கோன்மை

கொடுங்கோன்மை என்பது முறை தவறிக் குடிகளை வருத்தும் ஆட்சியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இதிலுள்ள ‘கோன்’ அரசனைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர், அது பொருந்தாது. ‘கோல்’ என்பதன் லகரம் ‘மை’ விகுதிக்கு முன் னகரமாயிற்று. ‘கொடு’ என்பதன் பழம்பொருள் வளைவு. வில்லுக்குக் கொடுமரம் என்ற பெயர் வந்ததும் அதனால்தான். நிமிர்ந்த கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். கோல் ஆட்சிக்கு ஆகிவந்தது.

திருக்குறளில் செங்கோன்மை 55ஆம் அதிகாரம். கொடுங்கோன்மை அதையடுத்து வருகிறது. கோலேந்திய அரசன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலேந்திய கள்வன் வழிப்போக்கரிடம் கேட்பதற்கு ஒப்பிடுகிறது 552ஆம் குறள். கொடுங்கோன்மைக்கு இதைவிடத் துல்லியமான இலக்கணம் இல்லை. கிரேக்கத்தின் ‘திரன்னோஸ்’ முதலில் மரபுரிமையின்றி ஆட்சியைப் பிடித்தவனையே குறித்தது; இழிபொருள் பின்னர் ஏறியது. தமிழ்ச்சொல்லோ ஆட்சி வந்த வழியைப் பார்ப்பதில்லை, நடக்கும் முறையையே பார்க்கிறது.

குறள் சொன்ன அந்த நிலையைத் திருவிதாங்கூரின் தென்கோடியிலுள்ள நாஞ்சில் நாடு நேரில் கண்டது. மன்னர் பாலராம வர்மா காலத்தில் அமைச்சர் ஜயந்தன் நம்பூதிரியும் அவரது கூட்டாளிகளும் கருவூலத்தை நிரப்ப, வசதியுள்ளவர்களை மிரட்டிப் பணம் கேட்டனர். காரியக்காரராக (வட்ட அதிகாரியாக) இருந்த தலக்குளம் வேலுத்தம்பியிடமும் கேட்டனர். அவர் தவணை வாங்கித் திரும்பி, பணத்துக்குப் பதிலாக நாஞ்சில் நாட்டு மக்களைத் திரட்டினார். 1799இல் அந்தக் கூட்டம் திருவனந்தபுரம் சென்று அந்த அமைச்சர்களை நீக்கவைத்தது. குடிகளே எழுந்து கோலை நிமிர்த்திய அரிய நிகழ்வு இது.

பின்னர் தளவாயான (முதலமைச்சரான) வேலுத்தம்பியின் தண்டனைகளும் கடுமையானவை என்பதை மறைக்கக் கூடாது. கிழக்கிந்தியக் கும்பெனியுடனான 1805 உடன்படிக்கை ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாயை அதற்குச் செலுத்தும் சுமையைத் திருவிதாங்கூர் மீது ஏற்றியது. நிலுவைக்காகக் கும்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டு மெக்காலே நெருக்க, பகை முற்றியது. 1809 ஜனவரியில் வேலுத்தம்பி குண்டறையில் கும்பெனிக்கு எதிராக அறைகூவல் விடுத்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழையும் கணவாயான ஆரல்வாய்மொழியின் கோட்டை அரண்களைக் கும்பெனிப் படை பிப்ரவரி 10ஆம் நாள் கைப்பற்றியது. அடுத்த மாதம் வேலுத்தம்பி மண்ணடியில் உயிர்விட்டார். 1811இல் கும்பெனியின் ரெசிடெண்டு மன்றோவே திருவிதாங்கூரின் திவானாகவும் அமர்ந்தார்.