யாரை எண்ணினார்கள்? சென்னையில் நீரிழிவுப் பரவலியல் ஆய்வின் வளர்ச்சி

1948இல் மருத்துவர் எம். விஸ்வநாதன் வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அங்கே சேர்ந்த பதிவேடுகள் நோயின் போக்கையும் அதன் சிக்கல்களையும் காட்டின. ஊரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதை மட்டும் அவை சொல்லவில்லை. வந்தவர்தானே பதிவேட்டில் ஏறுவார்? நோய் இருப்பதே தெரியாதவர் மருத்துவமனைப் படியேறுவதில்லை. அவரைத் தேடி வீட்டுக்குப் போவதுதான் நோய்ப்பரவலியலாளரின் வேலை.

1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஆறு மையங்களில் நடத்திய ஆய்வு நகரங்களில் 2.1 விழுக்காடு, கிராமங்களில் 1.5 விழுக்காடு என்று கண்டது. சென்னை அந்த ஆறில் இல்லை. 1980களின் இறுதியில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் எண்ணியபோது கிடைத்தது 8.3 விழுக்காடு. இரண்டையும் அருகருகே வைத்து நோய் நான்கு மடங்காகிவிட்டது என்று எழுதுவோர் உண்டு. அதை அப்படியே ஏற்க இயலாது. முந்தைய ஆய்வில் சோதனைக்காகக் குடிக்கக் கொடுத்தது 50 கிராம் குளுக்கோஸ். பிந்தையதில் 75 கிராம். இடையில் உலக அளவுகோலே மாறியிருந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் பிமா பழங்குடியினரிடையே 1965 முதல் பீட்டர் பென்னட் குழுவினர் நடத்திய நெடுங்கால ஆய்வு, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம் சர்க்கரை என்ற புதிய எல்லைக்கோட்டுக்கு முக்கியமான ஆதாரங்களுள் ஒன்றாக அமைந்தது. ஆகவே அந்த நான்கு மடங்கில் நோயின் பங்கு எவ்வளவு, அளவுகோலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அதற்குப் பிந்தைய சென்னை எண்களை நம்பிக்கையோடு ஒப்பிடலாம்: 1995இல் 11.6, 2000இல் 13.5, 2003–04இல் 14.3 விழுக்காடு. கடைசி எண் வி. மோகன் குழுவினரின் சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவலியல் ஆய்விலிருந்து வந்தது. மாநகராட்சியின் அன்றைய 155 வட்டங்களில் 46ஐத் தேர்ந்து 26,001 பேரைச் சோதித்தார்கள். சோதனை வெறும் வயிற்றில் செய்ய வேண்டியது. காலைக் காப்பி குடிக்காமல் காத்திருக்கச் சொல்வது இந்த ஊரில் சின்ன வேண்டுகோள் அல்ல. குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார வைக்கும் முழுச் சோதனை பத்தில் ஒருவருக்கே செய்யப்பட்டது.

என் பார்வையில், இந்த நகர எண்கள் எல்லாவற்றையும்விட அதிகம் சொல்வது 1996இல் தொடங்கிய ஒரு சிறிய ஆய்வு. எடுத்துக்கொண்டவை இரண்டே குடியிருப்புகள்: நடுத்தர வருவாயினர் வாழும் திருமங்கலம், குறைந்த வருவாயினர் வாழும் தி. நகர் பாரதி நகர். முதலாவதில் 12.4 விழுக்காடு, இரண்டாவதில் 6.5. சர்க்கரை வசதியானவர்களின் வியாதி என்ற பழைய எண்ணத்துக்கு இது பொருந்தியே இருந்தது. பத்து ஆண்டு கழித்து அதே இரு பகுதிகளிலும் மீண்டும் எண்ணினார்கள். திருமங்கலத்தில் 15.4; பாரதி நகரில் 15.3. ஓரிடத்தில் கால்பங்கு அளவே உயர்ந்தது, மற்றதில் இரு மடங்குக்கும் மேல்.

இடைப்பட்ட காலத்தில் திருமங்கலத்தின் ஏசியாட் காலனிவாசிகள், ஆய்வாளர்கள் தந்த விழிப்புணர்வால், தங்கள் பணத்தில் ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். அங்கே வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 ஆனார்கள். பூங்கா ஒன்றே காரணம் என்று தீர்ப்பெழுத ஆய்வின் அமைப்பு இடம் தராது. ஒப்பிட இருந்தவை இரண்டே இடங்கள். ஆனாலும் நடக்க இடமும் அதற்குப் போடப் பணமும் இருந்தவர்கள் யார் என்பதைக் கவனிக்காமல் விட முடியாது. வாழ்க்கைமுறை மாற்றம் பலன் தரும் என்பதற்கு வலுவான சான்று வேறிடத்திலிருந்து வந்தது. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வில், நோயின் முன்நிலையில் இருந்த 531 பேரில், சிறப்பு ஆலோசனை பெறாத பிரிவில் 55 விழுக்காட்டினர் ஏறத்தாழ மூன்றாண்டில் நோயாளிகளானார்கள். உணவு, நடை குறித்துத் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் 39.3 விழுக்காட்டினர். மெட்ஃபார்மின் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் இல்லை.

பாரதி நகரில் தெரிந்தது அந்தத் தெருக்களோடு நிற்கவில்லை. 15 மாநிலங்களின் தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியான தேசிய ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில் நீரிழிவு வசதியுள்ளவர்களைவிட ஏழைகளிடையே கூடுதலாக இருப்பதைப் பதிவு செய்தது. கிராமங்களில் அப்போதும் வசதியுள்ளவர்களிடையேதான் அது கூடுதல்.